மாமா பேரில் போன கரும்பு

நான் எட்டாவது வரைதான் படித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயம் எதுவும் இதில் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், பெரம்பலூருக்கு மேற்கே நாங்கள் ஒரே ஒரு வருடம் கரும்பு போட்டோம். அதைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் நானும் வீட்டுக்காரரும் கூலி வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. அரியலூரில் குடியிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு எங்கள் ஊரில் ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்தோம். பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும் என்பது பேச்சு.

கரும்பில் முதல் வருடம் மிஞ்சுவது குறைவு. நடுவதற்கு வாங்கும் கரணை, உழவு, நடவுக்கூலி என்று எல்லாம் போய்விடும். வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து தானாகத் துளிர்த்து வருமே, அந்தக் கட்டைக்கரும்பில்தான் கையில் ஏதாவது நிற்கும். இரண்டாம் வருடக் குத்தகையைக் கட்டிவிட்டால் போதும் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டோம்.

ஆலையில் கரும்பைப் பதிவு செய்ய நிலம் நம் பேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்துக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். வாத்தியார் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அதனால் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் பேரில் எங்கள் கரும்பையும் சேர்த்துப் பதிந்தோம். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆலையிலிருந்து வயல் பார்க்க வருபவருக்கும் அது தெரியும்.

"ரெண்டு ஏக்கர்ல மூணு ஏக்கர் கரும்பு வெளைய வக்கிறவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்," என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

வெட்டு உத்தரவு மாமா பேருக்கு வந்தது. முதல் முறையை அவர் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். "ஒனக்குக் குத்தகை கட்டணும். ஒன்னுத மொதல்ல வெட்டு. என்னுது ஒரு மாசம் நின்னா ஒண்ணும் கெட்டுப்போவாது," என்றார் வீட்டுக்காரரிடம். கரும்பு வண்டி ஏறிய அன்று நான் வரப்பிலேயே நின்றிருந்தேன். மாமாவின் சம்சாரம் பார்த்துவிட்டு, "ஏண்டி, மவளக் கட்டிக்குடுத்து அனுப்புற மாரி நிக்கிற? ஆலைக்குத்தான் போவுது, அழுவாத," என்றார்.

முந்தின வருடம் வரை ஆலைக்காரர்கள் கரும்புப் பணத்தை அவர்களுடைய பிரிவு ஆபீசில் வைத்துக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் புது ஏற்பாடு. எடை போட்ட கணக்கு ஆலையிலிருந்து நேராக பேங்குக்குப் போகும், பணம் அவரவர் கணக்கில் ஏறும். எங்கும் அலைய வேண்டாம் என்று சொன்னார்கள். எல்லாருக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

பணம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். கவுண்டரில் இருந்தவர் மாமாவின் கணக்கைப் பார்த்தார்.

"பெரியவரே, ஆயில் எஞ்சின் லோன் ரெண்டு வருஷமா நிக்கிது. அதுக்குப் புடிச்சாச்சு."

"எவ்வளவு சார் புடிச்சீங்க?"

"வந்தது பூராவும்."

மாமா சிரித்தபடியே, "போன வருஷமும் நின்னுச்சு சார். ஆபீஸ்ல கேசியர் சார்கிட்ட கேட்டேன். பாதி புடிச்சுக்கிட்டு பாதி குடுத்தாரு. நீங்களும் அப்படிப் பண்ணுங்க. இது என் கரும்பு இல்ல, இந்தத் தம்பி கரும்பு," என்றார்.

"நான் புடிக்கல, பெரியவரே. ஆலையிலேர்ந்து வரும்போதே கழிச்சுத்தான் வருது. எங்கிட்ட எதுவும் இல்ல."

அங்கிருந்து ஆலைக்குப் போனோம். பேங்கிலிருந்து கொடுத்த கடன் பட்டியல்படி தானாகக் கழிந்துவிடும், மாற்ற வேண்டுமானால் பேங்கில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. ஒருவர் உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். அதற்குமேல் யாரைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா, "என் கரும்பு வெட்டுனதும் ஒம் பணத்தக் குடுத்துர்றேன்டா. கடந்தான் தீந்துருச்சே, இனிமே புடிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

"தெரியும்ணே. அது வர ஒரு மாசம் ஆவுமே," என்றார் வீட்டுக்காரர்.

மாமா சொன்னபடி பணத்தைக் கொடுத்தார். ஆனால் அது பின்னால்.

அடுத்த நாள் காலையிலேயே வீட்டுக்காரர் அரியலூருக்குப் போனார். வாத்தியார் சொன்னதை வந்து அப்படியே சொன்னார்: "தம்பி, ரெண்டு தடவ தவண சொல்லிட்ட. ஒருத்தர் முழுப் பணத்தோட வந்து நிக்கிறாரு. நீ வருவேன்னுதான் இத்தன நாளா வாங்காம இருந்தேன். இனி வாங்கிக்க வேண்டியதுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்க சார்னு சொன்னேன்."

சோறு போட்டேன். சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. அப்போது ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாமா வாசல் வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார். வயலில் கட்டை நன்றாகத் துளிர்த்து, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

மறுநாள் புதுக் குத்தகைக்காரர் வந்து தண்ணீர் கட்டினார். களை எடுக்க ஆள் வேண்டும் என்று தெருவில் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் போனோம்.