எனக்கு இரண்டு பிறந்த தேதி

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரின் ஓக் ட்ரீ ரோட்டில் பாத்திரம் கழுவி, இன்று அதே ரோட்டில் இரண்டு டிபன் கடை வைத்திருக்கிறேன். என் கடைத் தோசையைச் சாப்பிடாமல் அந்த ரோட்டைத் தாண்டிய தமிழன் குறைவு. ஹெல்த் இன்ஸ்பெக்டர் அடுப்படிக்குள் வந்து நின்றாலும் நான் பாட்டுக்குத் தோசை ஊற்றுவேன். அப்படிப்பட்டவனைப் பத்து நாள் சோறு இறங்காமல் செய்தது என் மருமகளின் நர்ஸிங் படிப்பு.

அவள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்தவள். இங்கே எட்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் வந்து, "வேலைய விட்டுட்டு நர்ஸிங் படிக்கலாம்னு இருக்கறனுங்க மாமா" என்றாள். ஏற்கெனவே ஒரு டிகிரி இருந்தால், நாலு வருடப் படிப்பைப் பதினைந்து மாதத்தில் அமுக்கிச் சொல்லிக்கொடுத்து இரண்டாவது டிகிரி தருகிறார்களாம்.

"இருக்கற டிகிரி பத்தலியா கண்ணு? என்னையப் பாரு, ஒண்ணுமில்லாமயே நிக்கறேன்."

"நாள் பூரா ஸ்கிரீனப் பாத்துட்டு, சாயங்காலம் யாருக்கு என்ன பண்ணுனேன்னு எனக்கே தெரியறதில்லீங்க மாமா."

சரி, படி என்றேன். தோசை ஊற்றுகிறவனுக்கு யாருக்கு ஊற்றினோம் என்றாவது தெரியும்.

அந்தப் படிப்பில் மருந்து கொடுப்பதற்கென்று ஒரு பரீட்சை. கட்டிலில் ரப்பர் பொம்மை படுத்திருக்கும். அதற்குக் குரல் கொடுப்பது டீச்சர். மாத்திரை கொடுக்கும் முன் பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியையே சொல்லச் சொல்லி, கையில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதை விட்டால் அந்த இடத்திலேயே ஃபெயில். இரண்டு வாய்ப்புதான். இரண்டாவதும் போனால் படிப்பை விட்டே வெளியே.

வீட்டில் பொம்மை நான்தான். காலையில் நான் போடும் பிரஷர் மாத்திரையைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க பேரு... சொல்லுங்க மாமா" என்றாள். மாமனார் பெயரை மருமகள் வாயில் எடுக்காத வீடு எங்களுடையது. அந்த மாமனாரிடமே பெயரைக் கேட்க அவளுக்குக் கூசியது. எனக்கும் சுருக்கென்றது.

"என்ற பேரு இந்த ரோட்டுல யாரக் கேட்டாலும் தெரியும். உனக்குத் தெரியாதா? குடு கண்ணு" என்று கையை நீட்டினேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி, "கேளு கண்ணு, மறந்தாலும் மறந்திருப்பாரு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். மறுநாளிலிருந்து அவள் கேட்கவில்லை. நான் கையை நீட்டுவேன், அவள் மாத்திரையை வைப்பாள். மூன்று வாரம் இப்படியே போனது.

பரீட்சையன்று திரும்பி வந்தவள் காரை நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"கேக்காமயே குடுத்துட்டனுங்க மாமா. கை தானாப் போயிருச்சு."

யார் பழக்கிய கை அது? நான் பழக்கியது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாய்ப்பு பத்து நாள் கழித்து. எட்டு வருட வேலையை விட்டு வந்தவளை என் ஒரு வாய்ச்சவடால் நடுத்தெருவில் நிறுத்திவிடுமோ? கல்லில் தோசை கருகுவதுகூடத் தெரியாமல் நின்றேன். கடையில் சட்னி டப்பாக்களுக்குத் தேதி எழுதி ஒட்டும் டேப்பைக் கிழித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அதில் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியையும் நானே எழுதினேன். காலையில் நிஜ மாத்திரை, மற்ற வேளைகளில் கல்கண்டு. கேட்டாள், ஆனால் அப்போதும் தரையைப் பார்த்துத்தான்.

"மூஞ்சியப் பாத்துக் கேளு கண்ணு. நான் மாமன் இல்ல, ரப்பர்."

பரீட்சைக் காலை வந்தது. டேப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர் கேட்டாள், சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள்.

"ஆகஸ்ட் நாலு."

அவள் கை அப்படியே நின்றது. ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மறுநாள், ஆகஸ்ட் நாலில், நான் பிறந்ததாக அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான். பாஸ்போர்ட்டிலும் அதுவே ஏறிவிட்டது. கடையில் பிறந்தநாள் பாயாசம் போடுவது மட்டும் ஆகஸ்ட் நாலில். பயத்தில் அம்மாவின் தேதி வாயில் வந்துவிட்டது.

"பட்டைல ஜூன் ஒண்ணுங்க."

"ரெண்டும் நாந்தான் கண்ணு. போன வருசம் நீதான கேக் வெட்ட வெச்ச?"

"தெரியுமுங்க மாமா. ஆனா ஒத்துப்போகல. குடுக்க முடியாதுங்க."

இந்தத் தடவை அவள் தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். மாத்திரை டப்பாவுக்குள் திரும்பிப் போனது.

கல்லூரிக்கு நான்தான் காரை ஓட்டிப் போனேன். பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். அதைப் பார்த்ததும் ரேடியோவை அணைத்துவிட்டேன். இவள் வந்தபோது முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கதவைத் திறந்ததும் முதல் பேச்சு, "காலைல மாத்திரையே போடலீங்களே மாமா!"

"அது கெடக்கட்டும். என்னாச்சு சொல்லு."

"பாஸுங்க" என்றாள், கைப்பையைத் துழாவிக்கொண்டே. டப்பாவைக் கையோடு எடுத்து வந்திருக்கிறாள். "பேரு சொல்லுங்க. பொறந்த தேதி?"

ஜூன் ஒன்று என்றேன். மணிக்கட்டு டேப்பைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் கொடுத்தாள்.

மாத்திரை இறங்கியது. பயம் முழுசாக இறங்கவில்லை. என்றைக்காவது நிஜக் கட்டிலில், பாதி நினைவு போய் நான் கிடக்கும்போது, முன்பின் தெரியாத நர்ஸ் ஒருத்தி இதையே கேட்பாள். அப்போது என் வாயில் எந்தத் தேதி வரும்? பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று என்று இப்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்.