மாமனாருக்குத் தண்ணீர் அளந்த கதை

என் மாமனார் என் மாமியாரை "டீச்சர்" என்று கூப்பிட்ட செய்தி, ஒரு சித்திரை மாதக் காலையில் போனில் வந்தது. அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"காப்பி குடுக்கப் போறேன், எந்திரிச்சு நின்டு கையக் கட்டிக்கிட்டாரு. வீட்டுப்பாடம் எழுதல டீச்சர்ங்குறாரு. கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் எனக்கு இந்த மரியாத கெடச்சிருக்கு."

நான் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. "வேற என்ன பண்றாரு அத்தை?" என்று கேட்டேன். தலை வலிக்கிறது என்று முந்தின நாளே படுத்துவிட்டாராம். சாப்பிட்டதை வாந்தி எடுத்தாராம். பாத்ரூம் போகும்போது குடித்தவர் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாராம். இது தை மாதம் என்கிறாராம். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அத்தை, பக்கத்து வீட்டுக் காரைக் கேளுங்க. நேரா எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துருங்க."

"வீட்டுப்பாடம் எழுதாததுக்கா?" என்றார் அத்தை. ஆனாலும் கிளம்பிவிட்டார்.

நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மாமனாரும் மாமியாரும் எரியோட்டில் இருக்கிறார்கள். மாமனார் அங்கே பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கு எப்போது குழாயில் தண்ணீர் வரும் என்பதைத் தீர்மானிக்கும் அந்த நீளமான வால்வு சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு சைக்கிளில் போவார். அவரைப் பார்த்ததும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதைச் சொன்னாலும் அதை முழுசாகச் செய்து முடிப்பது அவர் சுபாவம். அந்தச் சுபாவம்தான் இப்போது அவரைக் கவிழ்த்திருந்தது.

கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒரு டாக்டர் அவருக்கு ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்திருந்தார். சிறுநீரை அதிகம் போகச் செய்யும் வகை மாத்திரை அது. கூடவே, உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மாமனார் அகராதியில் குறைப்பது என்றால் அடியோடு நிறுத்துவது. அவருக்கென்று குழம்பு தனிக் கிண்ணத்தில், ஒரு கல் உப்பு கூட இல்லாமல். போதாததற்கு, போனில் வந்த ஏதோ ஒரு வீடியோவில், எழுந்ததும் ஒரு பெரிய சொம்புத் தண்ணீர், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சொம்பு, படுக்கும் முன் ஒரு சொம்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இவர் ஒரு சொம்பைக் கூட விடவில்லை. மாத்திரை உப்பை வெளியே தள்ளியது, சாப்பாட்டில் உப்பு உள்ளே வரவில்லை, உடம்பில் மிச்சமிருந்த கொஞ்ச உப்பையும் சொம்புத் தண்ணீர் நீர்த்துப்போகச் செய்துவிட்டது.

வார்டில் கட்டிலில் உட்கார வைத்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாயி, நீ யாரு வீட்டுப் புள்ள?"

"உங்க மகனக் கட்டுனவ மாமா."

"அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? பொண்ணு எப்புடி?"

"சுமார்தான் மாமா."

பின்னால் நின்ற அத்தை, ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

ரத்தப் பரிசோதனையில் சோடியம் நூற்றுப் பதினாறு என்று வந்தது. நூற்றுமுப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார். தாளைப் பார்த்துவிட்டு, "மெதுவா ஏத்தணும் சிஸ்டர், ரொம்ப மெதுவா" என்றார். உப்பு அதிகமுள்ள மருந்துப் பாட்டிலை மெஷினில் மாட்டி, சொட்டுச் சொட்டாக எண்ணி விட வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"உப்புத்தான கொறஞ்சிருக்கு?" என்றார் அத்தை. "ரெண்டு கல்லு உப்ப வாயில போட்டா ஆச்சு. அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய மிசினு?"

வேடசந்தூர் மில்லில் ஷிப்டு முடிந்து நேரே வந்த என் கணவர், "பாட்டில கொஞ்சம் வேகமா விடச் சொல்லேன், அப்பா சீக்கிரம் தெளியட்டும்" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் டிரிப்ஸ் என்பது பெட்ரோல் மாதிரி. காய்ச்சல், களைப்பு, காலில் ஆணி, எதற்கு வந்தாலும் "ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க சிஸ்டர்" என்பார்கள். ஏற்றாமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், இது ஒரு ஆஸ்பத்திரியா என்று பார்வையிலேயே கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களிடம் பேசிப் பழகியிருந்ததால் இருவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். ரத்தத்தில் உப்பு குறைந்ததால் தண்ணீர் மூளைக்குள் போய் அது வீங்கியிருக்கிறது. அதனால்தான் உளறல். அவசரப்பட்டு உப்பை ஏற்றினால் மூளை சட்டென்று சுண்டிவிடும். அப்புறம் கை கால் விளங்காமலே போகலாம்.

சொந்தக்காரர்களுக்கு நாங்களே ஊசி போடுவதில்லை. என் சீனியர் அக்காதான் போட்டார். வால்வு திருகித் திருகி இறுகின கை, நரம்பெல்லாம் கயிறு மாதிரி தெரியும், ஊசி கிட்டே போனால் நழுவிக்கொள்ளும். அக்கா ஒரே முயற்சியில் ஏற்றிவிட்டார். மாமனார் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "போர்வெல்ல நல்லா எறக்குனீங்க" என்று பாராட்டினார்.

மதியத்துக்கு மேல் மெஷின் கூவ ஆரம்பித்தது. ஓடினேன். குழாயில் காற்றுக் குமிழ் இல்லை. ஊசி போட்ட கை வீங்கவில்லை. குழாய் எங்கும் மடங்கவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தால், குழாயின் நடுவில் இருக்கும் சின்னத் திருகை மாமனார் இரண்டு விரலால் இறுக அடைத்து வைத்திருக்கிறார்.

"நேரம் முடிஞ்சுருச்சு தாயி. அடுத்த தெருவுக்கு மாத்தணும்."

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "மாமா, இன்னைக்குப் பூராவும் இந்தத் தெருவுக்குத்தான் தண்ணி. ஆர்டர் வந்துருக்கு."

"யாரு போட்டது?"

"மேடம் போட்டது."

"எழுத்துல இருக்கா?"

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாமலே நிதானமாகப் பார்த்தார். "அப்பச் சரி" என்று விரலை எடுத்துவிட்டார். திருகை மெதுவாகத் திறந்து, மெஷினை ஓடவிட்டு, அவர் கைக்கு எட்டாமல் குழாயை ஒட்டி வைத்தேன். சாயங்காலம் வந்த ரிப்போர்ட்டில் சோடியம் கொஞ்சமாக, எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவே ஏறியிருந்தது. அப்புறம்தான் வீட்டுக்குப் போக மனசு வந்தது.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்ததும், "ஏத்தா, நீ வந்துட்டியா? பேரப்புள்ளைக்கு யாரு சோறு கட்டிக் குடுத்தது?" என்றார். மருந்து அறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். சீனியர் அக்கா, "மருமகளக் கண்டுபிடிச்சுட்டாரு, இனி உனக்கு வேலைதான்" என்றார்.

அது உண்மையாகப் போயிற்று. பழைய மாத்திரையை டாக்டரம்மா நிறுத்திவிட்டார். உப்பு சேர்த்துச் சாப்பிடச் சொன்னார். ஆனால் தண்ணீர், காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று எழுதிவிட்டார். தெளிந்த மனுசருக்கு அதைச் சொல்வதும், அளந்து கொடுப்பதும், போகிற சிறுநீரை ஜாடியில் அளப்பதும் என் வேலை.

"ஊருக்கே தண்ணி விட்டவன் நான்" என்றார்.

"அதான் மாமா, உங்களுக்குத் தெரியாததா? கோடையில முறை வச்சுத்தான விட்டீங்க?"

முறைத்தார். பிறகு பேரம் தொடங்கியது. "நேத்து அரை டம்ளர் மிச்சம் வச்சேன்ல, அத இன்னைக்குச் சேத்துக்க." "நாளைக்கு உள்ளதுல கொஞ்சம் இப்பக் குடு." சிறுநீரை அளக்கும்போது, "கூடவா போயிருக்கு? அப்ப கூடக் குடிக்கலாம்ல?" என்பார். வாய் வறட்சிக்கு எலுமிச்சைத் துண்டை நாக்கில் தேய்த்துவிடுவேன். கொப்பளித்துத் துப்பச் சொல்லி ஒரு வாய் தண்ணீர் கொடுப்பேன். துப்புவதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பார். நான் அவர் தொண்டையைப் பார்ப்பேன். துப்பிவிடுவார்.

பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் எரியோட்டிலிருந்து இளநீரோடு வந்தார்கள். "தண்ணிதான குடிக்கக் கூடாது, இது இளநி" என்பது அவர்கள் கட்சி. ஒருவர் முருங்கைக்கீரை சூப்பைத் தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து, இதில் இரும்புச்சத்து என்றார். இளநீரை எல்லாம் வார்டு ஆயாவும் வாட்ச்மேனும் குடித்துத் தெம்பாக இருந்தார்கள்.

இப்படி எல்லாக் கதவையும் அடைத்துவிட்டதாக நான் நினைத்திருக்க, ஏறிக்கொண்டே வந்த சோடியம் ஒரு நாள் காலையில் கொஞ்சம் இறங்கி வந்தது. உடம்பு எடை கூடியிருந்தது. ஜாடியில் சிறுநீர் நான் கொடுத்த தண்ணீரை விட அதிகம். கேட்டேன். மாமனார் மின்விசிறியைப் பார்த்தார். அத்தை மடித்து வைத்திருந்த போர்வையைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த ஒயர் கூடையை இழுத்து, சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தேன். மேல் அடுக்கில் சோறு. நடுவில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம். அடி அடுக்கில் நீர்மோர், கறிவேப்பிலை எல்லாம் கிள்ளிப் போட்டு.

"அத்தே!"

"என்னய என்ன பண்ணச் சொல்லுற?" அத்தைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நாக்கு ஒட்டுது, நாக்கு ஒட்டுதுன்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு. இந்த மனுசன் வேலையில இருந்தப்ப எனக்கு ஒரு கொடம் கூட விட்டுருப்பாரா கேளு. எங்க தெரு மேடு. கொழாயத் தொறந்தா காத்துதான் வரும். செத்த நேரம் சேத்து விடுங்கன்னு எம்புட்டு நாள் கெஞ்சிருப்பேன்! ஊருக்கெல்லாம் ஒரே சட்டம்னாரு. கெணத்துக்கு நடந்து நடந்தே என் முட்டி தேஞ்சுருச்சு. அப்புடியும் நான் குடுத்தேன் பாரு."

வார்டே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மாமனார் மெல்ல, "ஒரு நா விட்டேன்" என்றார்.

"எப்ப?"

"உன் மகன் பொறந்த அன்னைக்கு. சந்தோசத்துல அரை மணி நேரம் கூட விட்டேன். நம்ம தெருவுல வாசல் வரைக்கும் தண்ணி."

"அன்னைக்கு நான் வேடசந்தூர் ஆஸ்பத்திரியில கெடந்தேன்!"

"ஆமா. நீ வீட்டுல இல்ல."

"அப்ப யாரு புடிச்சது?"

"பக்கத்து வீட்டுக்காரங்க."

அத்தை இடுப்பில் கைவைத்து வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீகளா? வாழ்நாள்ல பண்ணுன ஒரே ஒரு நல்ல காரியம், அதையும் அடுத்த வீட்டுக்குப் பண்ணிருக்காரு!"

பக்கத்துக் கட்டிலில் வயிற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். அத்தைக்கே சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அளவு ஜாடியைக் கழுவும் சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வந்து, தண்ணீர் அளக்கும் டம்ளரை அத்தை கையில் கொடுத்தேன். "இனிமே நீங்கதான் அத்தை பொறுப்பு. கூடப் போச்சுன்னா மறுபடி டீச்சர்னுதான் கூப்பிடுவாரு." அதோடு என் பாடு லேசாயிற்று, மாமனார் பாடு கஷ்டமாயிற்று. நான் ரசத்தைக் கண் பார்வையில் கணக்கிட்டேன், அத்தை கரண்டியால் கணக்கிட்டார். இட்லிக்குச் சட்னி கெட்டியாக அரைத்து வரச் சொல்லி மகனை விரட்டினார். இளநீரோடு வந்தவர்களை வார்டு வாசலிலேயே மடக்கினார். என்னிடம் வந்து மாமனார், "நீயே மறுபடி பாத்துக்க தாயி, இவ ரொம்பக் கறாரு" என்று முறையிட்டார். சோடியம் ஏறி, சரியான இடத்துக்கு வந்து நின்றது. வேறு மாத்திரை எழுதி, உப்பு அளவோடு, தண்ணீர் அளவோடு என்று சொல்லி டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அதற்குப் பின்னும் எனக்கு ஓய்வு இல்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்கு வந்து நின்றார். கூடவே அவர் வயதில் ஒருவர், டீக்கடைச் சிநேகிதர், பஸ் கண்டக்டராக இருந்தவர்.

"ஏத்தா, இவனுக்குச் சோடியம் பாரு. ரெண்டு நாளா ஒளறிக்கிட்டுத் திரியுறான்."

சிநேகிதர் கையை நீட்டிக்கொண்டு சிரித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரம்மாவிடம் காட்டி, ரத்தம் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது.

"உப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா."

"நல்லாப் பாத்தியா? அப்ப ஏன் இப்புடிப் பேசுறான்?"

"ஏப்பா, நான் எப்பவும் இப்புடித்தானப்பா பேசுவேன்" என்றார் கண்டக்டர்.

மாமனார் அதை யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். இருவரும் எரியோட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேசிக்கொண்டே படி இறங்கிப் போனார்கள்.