அத்தான் தண்ணீர் பாய்ச்சிய பாத்தி

என் அக்கா கணவருக்குத் தெருவில் 'வெள்ளம்' என்று பெயர். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை ஒரு ஜவுளிக்கடையில் பிடித்த தீ ஓர் அலமாரியைத்தான் எரித்தது. அத்தான் அடித்த தண்ணீர் மிச்சக் கடையை முழுசாக முடித்துவைத்தது. "தீ அணைஞ்சுதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்று இன்றைக்கும் மல்லுக்கு நிற்பார். ஸ்கூட்டரைக் கழுவினாரென்றால் எதிர்வீட்டு வாசல்வரை நனையும். சந்தேகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்று. அவர் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் அக்கா தன் தோட்டத்தை ஒப்படைத்தாள். வேறு வழியில்லை. மொட்டை மாடியில், நாலு பக்கமும் பலகை அடித்து முழங்கால் உயரத்துக்கு மண் நிரப்பிய பாத்திகள் அவளுடையவை. தக்காளி, மிளகாய், ஓரத்தில் கொஞ்சம் கீரை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவளால் படியேற முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ், மற்ற நாளெல்லாம் கட்டில். ஒத்தாசைக்கு நான் வந்து சேர்ந்தேன்.

"இலையப் பாக்காதீங்க, மண்ணப் பாருங்க" என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள். "காலைல விரல உள்ள விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. வேர்கிட்ட, மெதுவா. ஒரு தக்காளி பழுத்ததும் எங்கிட்ட கொண்டாங்க."

"நீதான் தக்காளி சாப்பிடக் கூடாதே?" என்றேன் நான்.

"திங்கவா கேக்கறேன்? கையில வச்சு மோந்து பாக்கறேன். அதுக்கும் டாக்டர் தடை போட்டிருக்காரா?"

"ப்பூ, இவ்வளவுதானே" என்றார் அத்தான்.

டாக்டர் தக்காளியைவிடக் கண்டிப்பாகத் தடை போட்டிருந்தது தண்ணீருக்கு. டீ, கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு சின்ன பாட்டில் அளவுக்கு மேல் ஒரு நாளைக்குப் போகக் கூடாது. ஆரம்பத்தில் ஒருநாள் அவள் கெஞ்சியது பொறுக்காமல் அத்தானே அரைச் செம்பு கூடுதலாகக் கொடுத்துவிட்டார். அந்த நீர் போக வழியில்லாமல் நுரையீரலில் கோத்துக்கொண்டு, அவள் மூச்சுக்குத் தவித்த தவிப்பை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அன்றிலிருந்து அந்தப் பாட்டில் அத்தான் பொறுப்பில். மற்ற தண்ணீரையெல்லாம் அவள் கண்ணில் படாமல் சமையலறையில் வைத்துக்கொண்டோம்.

"ஒரு வாய் குடுங்களேன்" என்பாள் அக்கா. அத்தான் பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறிவிடுவார். மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். வெகுநேரம் கேட்கும்.

நான் ஏறிப்போய்ப் பார்ப்பேன். உச்சிவெயிலில் தக்காளி இலைகள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வெயிலுக்கு எந்தச் செடியும் கொஞ்சம் துவளத்தான் செய்யும், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். அத்தானுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "தாகத்துல எப்படித் தவிக்குது பாரு" என்று மறுபடியும் ஹோஸைப் பிடிப்பார். பலகை இடுக்குகளில் சேறு வழிந்து தரையெல்லாம் ஓடும்.

"அத்தான், அது என்ன தீப்பிடிச்சா எரியுது? போதும் விடுங்க."

"உனக்கென்ன தெரியும்? நீ போய் அக்காவப் பாரு."

கொஞ்ச நாளில் அடியிலைகள் மஞ்சளாயின. பிறகு காலையிலேயே செடிகள் தலை தொங்கி நின்றன. வாட வாட அவர் ஊற்றினார். ஊற்ற ஊற்ற அது வாடியது. கீழே வந்தால், "எல்லாம் ஜோரா இருக்கு" என்று அக்காவிடம் அளப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சொல்லும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளத்தான் தோன்றும்.

ஒருநாள் காலையில் மிளகாய்ச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். சிரமமே இல்லாமல் கையோடு வந்தது. வேர் பழுப்பேறி, கொழகொழவென்று அழுகி நாறியது. அத்தான் அதை வாங்கி வேரை விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கையோடுதான் அக்காவுக்குப் போர்வையைச் சரிசெய்யப் போனார்.

அக்கா அவர் விரலைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"மண்ணு புளிச்சுப்போச்சு" என்றாள். "எத்தன நாளா பொய் சொல்றீங்க?"

அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. அதுவரை அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"வேர் ஊறிப்போனா அதால தண்ணிய இழுக்க முடியாது. அதான் வாடுது" என்றாள் அக்கா. கோபமே இல்லை அவள் குரலில். "இனிமே ஊத்தாதீங்க. மண்ணு காயட்டும். பொழைக்கிறது பொழைக்கும்."

"தலையத் தொங்கப்போட்டு நிக்குதே. பாத்துக்கிட்டு எப்படி சும்மா இருக்கறது?"

"என்னப் பாத்துக்கிட்டு இருக்கீங்கல்ல? அப்படித்தான்."

மனம் நோக அவள் சொல்லவில்லை. செடிக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனாலும் என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

மறுநாள் மதியம் அத்தானைச் சாப்பிடக் கூப்பிட மாடிக்குப் போனேன். குழாயை மூடிவிட்டு, கவிழ்த்த வாளிமேல் பாத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் மண். மிச்சமிருந்த தக்காளிச் செடிகள் வெயிலில் துவண்டு கிடந்தன.

"உள்ள இன்னும் ஈரம் இருக்கு" என்றார். "ஊத்தக் கூடாது. இல்ல?"

"கூடாது அத்தான்."

அன்றைய பாட்டில் அதற்குள்ளேயே காலியாகியிருந்தது. கீழேயிருந்து அக்கா தண்ணீர் கேட்டாள். மெல்லிய குரல்தான், ஆனால் எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது. அத்தான் வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை. நானும் படியிறங்கவில்லை. அக்கா மறுபடியும் கேட்டாள்.