மாடியில் வடகம், பஸ்ஸில் வேண்டுதல்

இன்று மத்தியானம் சிவகாசியில் சாமான் வாங்கிக்கொண்டு மினி பஸ்ஸில் திரும்பும்போது வானம் கறுத்து இடி இடித்தது. காலையில்தான் மாடியில் வேட்டி விரித்துக் கூழ் வடகம் ஊற்றிவிட்டு வந்திருந்தேன்.

"மாரியாத்தா, நான் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மழைய நிறுத்தி வையி தாயே" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

வழியில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் ஏறினார்கள். இடி இடித்தால் வெடிமருந்துப் பக்கம் ஆள் இருக்கக் கூடாது, வேலையை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டுச் செல்வி என்னருகில் உட்கார்ந்தாள்.

"யக்கா, என்ன வேண்டுதலு?"

சொன்னேன்.

"நல்லா வேண்டுனீக போங்க! மழை இருட்டிக்கிட்டு வந்ததாலதான் லீவுல கெடக்குற எம் பிள்ளைக்கு இன்னைக்குப் பகல்ல சோறு போடப் போறேன். பாதிக் கூலி போனாப் போகுது. ஒங்க வடகம் அம்புட்டுப் பெருசாக்கா?"

வேண்டுதலை அங்கேயே வாபஸ் வாங்கினேன்.

இறங்கியதும் இருவரும் மாடிக்கு ஓடி, தூறல் வலுப்பதற்குள் வேட்டியோடு வடகத்தைச் சுருட்டிவிட்டோம். அரைகுறையாகக் காய்ந்த வடகத்தின் ருசி உங்களுக்குத் தெரியும். செல்வி மகன் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டே பாதியைக் காலி செய்துவிட்டான்.

ஆத்தாளுக்கு மனசார நன்றி சொன்னேன். மீதி காய நாளைக்கு வெயில் கேட்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.