வெளிநாட்டுச் சதியும் மோட்டார் ரூம் பூட்டும்

போன மாதம் எங்கள் காலனியின் இறையாண்மைக்கு ஆபத்து வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. டிவியில் காட்டவில்லை.

திருப்பரங்குன்றம் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் காலனி. இறங்கினால் என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே இறங்க வேண்டும். ஒரு காலத்தில் கண்மாயாக இருந்த இடம். மழை வலுத்தால் தண்ணீருக்குப் பழைய ஞாபகம் வந்து, நேராகக் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்குள் போய்விடும். அது சலீமா டீச்சர் வீடு. மிஷன் ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார்.

அதற்காகத்தான் எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு பெரிய மோட்டார் வாங்கி, டீச்சர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் கட்டி வைத்திருக்கிறது. மழை வந்தால் செயலாளர் வந்து ரூமைத் திறந்து மோட்டாரைப் போடுவார். தண்ணீர் ரோட்டோர வாய்க்காலுக்குப் போய்விடும். எங்கள் சங்கம் உருப்படியாகச் செய்கிற ஒரே வேலை இதுதான்.

அந்தச் செயலாளர் பதவிக்குத்தான் தேர்தல்.

ஒரு பக்கம் தவமணி அண்ணன். ஆரப்பாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகன் துபாயில். இன்னொரு பக்கம் பால்ராஜ் சார். ரிட்டயர்டு ஹெட் கிளார்க். மகள் சிங்கப்பூரில்.

பிரசாரம் சூடு பிடித்ததும் துபாயிலிருந்து வீட்டுக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் வந்து இறங்கியது. சிங்கப்பூர் சும்மா இருக்குமா? வீட்டுக்கு ஒரு பாட்டில் தலைவலித் தைலம். துபாய் மகன் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுத் தாக்கினார். சிங்கப்பூர் மகள் வீடியோ காலில் ஒவ்வொரு வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து ஓட்டுக் கேட்டார். ஓட்டுப் போடும் நாளில் வரிசை முழுக்கத் தைல வாசம்... ஆனால் ஜெயித்தது பேரீச்சம்பழம்.

அவ்வளவுதான். "வெளிநாட்டுச் சதி" என்று பால்ராஜ் அணி கிளம்பிவிட்டது. டெல்லியில் ஒரு கட்சி இன்னொரு கட்சியைப் பார்த்துச் சொல்வதை ராத்திரி டிவியில் பார்த்து, காலையில் நம் காலனிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். சாருடைய அறிக்கையில் 'இறையாண்மை' என்ற வார்த்தை பத்திக்குப் பத்தி வந்தது. தவமணி அணியும் விடவில்லை. அப்படியென்றால் சிங்கப்பூர் என்ன, சோழவந்தானுக்குப் பக்கத்திலா இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள்.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அந்த அணியில் இரண்டு பேர், இந்த அணியில் இரண்டு பேர், நடுநிலையாளராக நான். என்னை ஏன் நடுநிலையாளர் ஆக்கினார்கள் என்று கேட்கிறீர்களா? இரண்டு பேருக்குமே என்னைப் பிடிக்காது.

மற்ற நாடுகளில் தேர்தலுக்குள் நுழைந்த வெளிநாட்டுக் கையைக் கண்டுபிடிக்க உளவுத்துறை வேண்டும், வருடக்கணக்கில் ஆகும். எங்களுக்குத் தெருமுனை வரைக்கும் நடந்தால் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் இது மதுரை. ஒருத்தர் ஒத்தாசை செய்து, அவருக்குப் பிளெக்ஸ் வைக்காமல் விட்டால் அது எவ்வளவு பெரிய அவமரியாதை! அதனால் துபாய் மகன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, பின்னால் வானளாவிய கட்டடத்தோடு, தெருமுனையில் பத்தடி உயரத்தில் கும்பிட்டபடி நின்றார். 'தந்தையின் வெற்றிக்குக் கடல் கடந்து உழைத்த தங்கமே' என்று கீழே எழுதியிருந்தது. எதிர்ச் சுவரில் சிங்கப்பூர் மகள். 'அங்கிருந்தே எங்களை வழிநடத்தும் அன்புச் சகோதரியே.' குற்றம் சாட்டப்பட்டவர்கள் தங்கள் செலவிலேயே ஒப்புதல் வாக்குமூலத்தைக் கலரில் அச்சடித்து, ஆதரவாளர்கள் போட்டோவோடு மாட்டி வைத்த வழக்கு உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் தவமணி அண்ணனிடம் அந்தப் பிளெக்ஸைக் காட்டிக் கேட்டேன்.

"அது பாசம்ணே. பெத்த அப்பனுக்குப் புள்ள செய்யிறான்."

"அப்ப சிங்கப்பூர்ல இருந்து அந்தப் புள்ள செஞ்சது?"

"அது சதி. அதுல உங்களுக்கு என்ன சந்தேகம்?"

பால்ராஜ் சாரிடமும் போனேன். இதே பதில்தான், சதி மட்டும் இடம் மாறியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், போன தேர்தலில் ஜெயித்தது பால்ராஜ் சார். அப்போது வெளிநாட்டுச் சதி என்று குதித்தது தவமணி அண்ணன். 'பிள்ளைகளுக்குப் பிறந்த ஊர்மேல் அக்கறை இருக்கக் கூடாதா?' என்று உருகியது சார். இப்போது இரண்டு பேரும் வசனத்தை மாற்றிக்கொண்டார்கள். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. டெல்லியிலும் இப்படித்தானே நடக்கிறது? ஆளுங்கட்சி வரிசைக்கு ஒரு பேச்சு, எதிர்க்கட்சி வரிசைக்கு ஒரு பேச்சு. நாற்காலி மாறினால் பேச்சும் மாறும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், பொறுப்பேற்க வேண்டிய ஆள் எதிர்ப் பக்கத்தில்தான் இருப்பார்.

பேரீச்சம்பழத்தைத் தின்றது யார் என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல பழம்.

தீர்ப்பு வராததால் காலனிக்கு இரண்டு செயலாளர்கள் ஆனார்கள். தவமணி அண்ணன் தன் கடையிலிருந்தே ஒரு பூட்டைக் கொண்டுவந்து மோட்டார் ரூமில் போட்டார். அது செல்லாது என்று சொல்லி, பால்ராஜ் சார் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பூட்டைத் தொங்கவிட்டார். சலீமா டீச்சர் இரண்டு பேரையும் வீடு தேடிப் போய்ப் பார்த்து, மழைக்காலம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வீட்டிலும் அவருக்கு நல்ல காபி கிடைத்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. டீச்சர் எனக்குப் போன் பண்ணினார். நான் போனபோது வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தண்ணீர் அதையும் தாண்டி மெத்தையைத் தொட ஆரம்பித்திருந்தது. அந்த மனுஷன் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மோட்டார் ரூம் வாசலில் இரண்டு செயலாளர்களும் குடையோடு நின்றார்கள். இரண்டு பேர் சட்டைப் பையிலும் சாவி இருந்தது. பிரச்சினை, யார் முதலில் திறப்பது? பால்ராஜ் சார் முதலில் திறந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். தவமணி அண்ணன் முதலில் திறந்தால் பக்கத்துப் பூட்டுக்கு அங்கீகாரம் கொடுத்ததாக ஆகிவிடும். ஒன்றாகத் திறக்கலாமே என்றேன். யார் எண்ணுவது என்று கேட்டார்கள்.

டீச்சர் தன் வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு கடப்பாரையோடு வந்தார். பூட்டு இரண்டையும் பெயர்த்துப் போட்டுவிட்டு உள்ளே போய் மோட்டாரைப் போட்டார். நான் அவருக்குக் குடை பிடித்தேன். நடுநிலையாளர் வேறென்ன செய்ய முடியும்?

தண்ணீர் வடிந்தது. மெத்தையைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது.

போன ஞாயிறு சங்கத்தின் அவசரக் கூட்டம். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு இரண்டு அணியும் சேர்ந்து ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள் — சங்கத்தின் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு சலீமா டீச்சர் விளக்கம் தர வேண்டும். தவமணி அண்ணன் முன்மொழிந்தார், பால்ராஜ் சார் வழிமொழிந்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

டீச்சர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஆமா, நாந்தேன் ஒடைச்சேன். ரெண்டு பூட்டுக்கும் நான் பொறுப்பு. எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணிக்கு யாரு பொறுப்புன்னு, ஒரே ஒரு ஆளு எந்திரிச்சுச் சொல்லுங்க. நான் உக்காந்துக்கிறேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தோம். நல்ல காய்ந்த தரை. சங்கக் கட்டடம் மேட்டில் இருக்கிறது.