ஆற்றுக்குப் போக அம்மாளிடம் பூ கேட்டோம்

இதை எழுத எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். கோயிலைப் பற்றித் தப்பாக எழுதுகிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். என் தங்கை படித்தால் மனது நோகுமே என்று இன்னொரு பயம். போன மாதம் அவளிடமே கேட்டேன். "எழுதறதுன்னா உள்ளத உள்ளபடி எழுது. அப்பறம் என்னைக் கேக்காத" என்றாள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில், ஒரு தீபாவளி சமயம். நான் காலைப் பசாரில், அதாவது காலைச் சந்தையில், பூ விற்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் தாமானுக்கு, நாங்கள் இருக்கும் குடியிருப்புக்கு, பக்கத்தில் இருக்கும் அம்மன் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. அம்மாளுக்கு நான் செய்யும் தொண்டு அது.

என் மகள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "இந்த வருஷம் தீபாவளி லீவுக்குச் சொந்தக்காரங்க வீடு வேணாம், பேரங்காடி வேணாம். எல்லாரும் சேர்ந்து ஒரு சாகசப் பயணம் போவோம், நானே ஏற்பாடு பண்றேன்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை குடும்பத்தையும் வரவழைத்து, கைப்பேசியில் இருந்த படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினாள். ஜெராய் மலை ஏறுவது ஒன்று. குகைக்குள் விளக்கோடு போவது ஒன்று. பாலிங் பக்கம் ஓர் ஆற்றில் ரப்பர் படகில் பாறைகளுக்கு நடுவே இறங்குவது ஒன்று.

என் தங்கையின் கணவர் லாரி ஓட்டுபவர். எந்தச் சாலையும் அவருக்கு அத்துப்படி. நல்ல மனிதர், பயம் என்பது தெரியாத மனிதர். படகைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"மலை ஏறி என்னா செய்றது? ஏறணும், மூச்சு வாங்கணும், எறங்கணும். இதுதான்லா பயணம்!" என்றார்.

"எனக்கு நீச்சல் தெரியாதே" என்றேன்.

"மிதவைச் சட்டை போட்டு விடுவாங்கக்கா. அதோட நீங்க ஏறுனா படகு அசையவே அசையாது. எங்களுக்குத்தான் நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். என் உடம்பைப் பற்றிய கேலி எனக்குப் பழக்கம்தான், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் படகு எனக்குப் பிடிக்கவில்லை.

காரணம் இருந்தது. பசாரில் என் கடைக்கு எதிரே கீரை விற்கும் மலாய் அம்மாள் பாலிங் பக்கத்துக் கம்பத்துக்காரர், அந்த ஆற்றோரக் கிராமத்தில் பிறந்தவர். அந்த வாரம்தான் பேச்சுவாக்கில் அவரிடம் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவர் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது மழைக்காலம், மேலே மலை கறுத்திருந்தால், கீழே வெயில் அடித்தாலும் ஆற்றில் கால் வைக்காதே, மேலே பெய்த மழை ஒரே சுவர் மாதிரி திடீரென்று இறங்கி வரும், நாங்கள் அதைத் தண்ணீரின் தலை என்போம், வந்தால் ஓடக்கூட நேரம் இருக்காது என்றார்.

இதை அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் மகள் தோழிகளோடு லங்காவித் தீவுக்குப் போகக் கேட்டு, நான் அழுது தடுத்திருந்தேன். அவள் பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "இனிமே உன் ஆசைக்குக் குறுக்கே நிக்க மாட்டேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது வாயைத் திறந்தால், அம்மா மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்பாள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"எதுக்கும் அம்மாக்கிட்ட பூ கேட்டுட்டுப் போவோமே" என்றேன்.

தங்கை உடனே சரி என்றாள். அவள் என்னைவிடப் பக்தி உள்ளவள். மகளும் தலையாட்டினாள். தங்கை கணவர் மட்டும், "அம்மா படகுல வரப்போறாங்களா? சரி, கேளுங்க" என்று சிரித்தார்.

பூ கேட்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மாள் காலடியில் வைத்து மனதில் உள்ளதைக் கேட்பார்கள். பிறகு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். எங்கள் கோயிலில் வெள்ளை வந்தால் அம்மாள் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பொட்டலம் கட்டும் வேலை எப்போதும் என்னுடையது. நாங்கள் கோயிலுக்குப் போன அன்றும் பூசாரி, "நீங்களே கட்டிக் கொண்டாங்கம்மா" என்றார்.

கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு வாழையிலைத் துண்டு எடுத்தேன். முதலாவதில் செவ்வரளி வைத்துக் கட்டினேன். இரண்டாவதற்கு நந்தியாவட்டையைக் கையில் எடுத்தேன். அதைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு, மறுபடியும் செவ்வரளியை எடுத்து வைத்தேன். அம்மாள் பெயரைச் சொல்லிக்கொண்டே நாரை இறுக்கினேன்.

ஆற்றுக்குப் போகலாமா என்று கேட்டுப் பொட்டலத்தை எடுத்தவள் என் தங்கை. சிவப்பைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மற்றப் பொட்டலத்தை என் கூடையில் போட்டு மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் சாக்கடையில் எறிந்தேன்.

மகள் முணுமுணுத்தாள். ஆனாலும் ஜெராய் மலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தங்கை கணவர் கேட்கவில்லை. "அரளிப் பூ சொல்லி நான் ஸ்டியரிங் திருப்ப முடியாதுக்கா. நீங்க மலைக்குப் போங்க, நாங்க ஆத்துக்குப் போறோம்" என்று, தன் கூட்டாளிகள் இரண்டு பேரோடு அதே நாளில் ஏற்பாடு செய்துவிட்டார். தங்கை கெஞ்சிப் பார்த்தாள். முடியாமல், அவரைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே கிளம்பினாள். அப்போதும்கூட நான் கீரைக்கார அம்மாள் சொன்னதைச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் மறைத்துவிட்டு இப்போது சொன்னால், இதற்காகத்தான் பூ கேட்கச் சொன்னாயா என்று மகள் கேட்பாளே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நாங்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது என் கணவரின் கைப்பேசி ஒலித்தது. தங்கை அழுத அழுகையில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. யாரோ ஒரு மலாய்க்காரர் கைப்பேசியை வாங்கி விவரம் சொன்னார்.

படகுக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மலை கறுக்கிறது என்று அவர்கள் சீக்கிரமே முடித்து எல்லோரையும் கரையேற்றிவிட்டார்களாம். தங்கை கணவரும் கூட்டாளிகளும் இன்னும் கொஞ்சம் மேலே நடந்து, பாறைகளுக்கு நடுவில் குளிக்க இறங்கியிருக்கிறார்கள். கீழே நல்ல வெயிலாம். தண்ணீர் முதலில் கலங்கியிருக்கிறது, இலை சருகெல்லாம் வந்திருக்கிறது, அடுத்த நொடி வெள்ளம் இறங்கிவிட்டது. கூட்டாளிகள் இரண்டு பேரும் கரைக்குப் பக்கத்தில் இருந்ததால் ஏறிவிட்டார்கள். தங்கை கணவரை வெள்ளம் அடித்துக்கொண்டுபோய் இரண்டு பாறைக்கு நடுவில் செருகிவிட்டது. கம்பத்து ஆட்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். கரையில் நின்று என் தங்கை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பும் இடது காலும் நொறுங்கிவிட்டன. அந்தக் கால் இன்றுவரை மடங்குவதில்லை. லாரியில் ஏறி உட்கார முடியாது.

மருத்துவமனைக்குப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், தங்கை காதில் விழும்படியே சொன்னார். "அம்மா வேணான்னு சொன்ன பிறகும் போனா, சும்மா விடுவாளா?" பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அம்மா சொன்னத கேட்டீங்க, உங்க குடும்பத்தக் காப்பாத்திட்டா" என்றார்.

நான் தலையாட்டினேன். என்னை மன்னியுங்கள், தலையாட்டினேன்.

கதை பரவிவிட்டது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் எங்கள் கோயிலுக்குப் பூ கேட்க வர ஆரம்பித்தார்கள். பூசாரி ஒவ்வொருவரிடமும் ஆற்றுக் கதையைச் சொன்னார். அத்தனை பேருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தது நான். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, இப்போது சரியாகக் கட்டினேன்.

தங்கை என்ன செய்தாள் என்றால், தன் கையால் எடுத்த பூவை மீறிவிட்டோம் என்று நாற்பத்தெட்டு நாள் விரதம் எடுத்தாள். ஒருவேளைச் சாப்பாடு, அதையும் கோயில் தரையில் போட்டுச் சாப்பிடுவாள். கொதிக்கும் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்து வருவாள். அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, உண்டு. கால் கொப்பளித்துப் புண்ணாகியது, ஆறவில்லை. "மாத்திரை போடு" என்றால், "முதல்ல அம்மா கோவம் தீரட்டும்க்கா" என்பாள். இருபத்தைந்தாவது நாளோ என்னவோ, பிராகாரம் சுற்றும்போது எனக்கு முன்னாலேயே சரிந்து விழுந்தாள். ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டேன். என் கை முழுக்கப் பூ வாசம். அந்த வாசமே எனக்குக் குமட்டியது.

மருத்துவர், இந்தப் புண்ணை இப்படியே விட்டால் பாதத்தை எடுக்க வேண்டி வரும் என்றார். அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு கால் போய்விட்டது.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் அடுப்படித் தரையில் சாய்ந்திருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு வைத்ததைச் சொன்னேன். சாக்கடையில் எறிந்ததைச் சொன்னேன்.

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அப்ப அம்மாவுக்கு என் மேல கோவம் இல்லியா?"

"இல்லம்மா. எந்தக் கோவமும் இல்ல. அவங்கள யாரும் எதுவுமே கேக்கல."

எழுந்துபோய் ஒரு தட்டில் சோறு போட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டாள். மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். "நீ போக்கா. இப்ப போ" என்றாள்.

வாசல் வரை வந்த என்னைத் தங்கை கணவர் நிறுத்தினார். "எதுக்குக்கா அப்படிச் செஞ்சீங்க?" என்றார். அப்போதுதான் கீரைக்கார அம்மாள் சொன்னதை முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு மலை கறுத்துத்தான் கெடந்துச்சு. நான் பாத்தேன்" என்றார். பிறகு, "பூவுக்குத்தான்க்கா நான் கட்டுப்பட மாட்டேன். இத சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். எத்தன வருஷம் லாரி ஓட்டியிருக்கேன், ரோட்டுல ஒருத்தன் கைய காட்டி முன்னால ஆபத்துன்னா நிறுத்திருவேன்ல?" என்றார். அதில் கோபமே இல்லை. அதனால்தான் அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மகளிடமும் சொன்னேன். பூசாரியிடமும் சொன்னேன். அவர் திகைத்துப்போய், "இத வெளிய சொல்லாதீங்கம்மா, சனங்க மனசு உடைஞ்சிரும்" என்றார். பொட்டலம் கட்டுவதை அன்றோடு விட்டேன். மாலை மட்டும் கட்டித் தருகிறேன். அம்மாளைக் கும்பிடுவதை விடவில்லை. விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்திருப்பாள் என்று நம்புகிறேன். என் தங்கையின் பாதம் பிழைத்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு பேசினாள். இப்போது வருகிறாள், போகிறாள், சிரிக்கிறாள். ஆனால் நான் கட்டிய பூவை அவள் தலையில் வைத்துக்கொள்வதில்லை. நானும் நீட்டுவதில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் பெண்டாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் எனக்கே இந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்ன கதையில் மூன்று தடவை பூ கேட்டு மூன்று தடவையும் சிவப்பு வந்திருந்தது. ஆற்றில் போனவர் செத்தே போயிருந்தார். "சாமி வார்த்தைய மிதிச்ச பொம்பள, அனுபவிக்கிறா" என்று முடித்தார். என் இலையில் சோறு அப்படியே இருந்தது.

என் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால் என் வாயால் சொல்ல வேண்டியதை அம்மாள் வாயால் சொல்ல வைத்தேன். அந்தக் குற்றம் என்னோடு நிற்காமல் என் தங்கை தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகவே இதைப் படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். யாரிடமாவது சொல்வதானால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், அம்மாளின் பெருமைக்காக எதையும் கூட்ட வேண்டாம். அந்த ஆற்றுக்குப் போகாதே என்று சொன்னது தெய்வம் அல்ல, மகளின் கோபத்துக்குப் பயந்த ஒரு பூக்காரி. அந்த ஒரு வரியை விட்டுவிட்டுச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், ஒரு தப்பும் செய்யாத என் தங்கை மறுபடியும் வெறுங்காலோடு தாரில் நடக்கிறாள்.