டீச்சர் வீட்டில் வைக்காத பீம்

1. உள்ளே வைத்துப் பூட்டுவது

நான் வாங்கிய முதல் கன்டெய்னருக்குள் என்னை வைத்துப் பூட்டினார்கள். தூத்துக்குடியில் ஒரு யார்டு, உச்சி வெயில். யார்டு சூப்பர்வைசர் வெளியே நின்று கதவுக் கம்பியை இறக்கிவிட்டு, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். தகட்டில் ஓட்டை இருந்தால் இருட்டில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். அதுதான் சோதனை. எனக்கு ஓட்டையைப் பற்றிய நினைப்பே இல்லை, மறுபடி கதவைத் திறப்பார்களா என்பதுதான் கவலை. ஒன்றும் தெரியவில்லை, திறங்கள் என்று கத்தினேன். பாறசாலைக்குக் கொண்டுவந்து முதல் மழையில் பார்த்தால் கூரையில் மூன்று ஓட்டை.

அதுவரை நான் ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்துகொண்டிருந்தவன். கேரள எல்லையோரம், பாறசாலையை அடுத்த உதியன்குளங்கரைப் பக்கம் ரோட்டோரம் ஒர்க்‌ஷாப். ஆர்டர் குறைந்தபோது யாரோ சொல்லிக் கன்டெய்னருக்கு மாறினேன். பழைய கன்டெய்னரை வாங்கி, ஜன்னல் வெட்டி, உள்ளே சூடு தடுக்கும் கம்பளியும் போர்டும் அடித்து, ஆபீசாகவோ வீடாகவோ மாற்றிக் கொடுப்பது. வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை நான்கைந்து தடவை ஏமாந்த பிறகு கற்றுக்கொண்டேன். தரைப் பலகையை மோந்து பார்க்க வேண்டும், மருந்து வாடை அடித்தால் விட்டுவிட வேண்டும். கதவு ரப்பரைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் உள்ள துளை போட்ட இரும்புக் கட்டியில், அதாவது கார்னர் காஸ்டிங்கில், விரிசல் இருக்கக் கூடாது. அந்தத் துளைகளில்தான் கிரேன் சங்கிலியை மாட்டுவார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதையெல்லாம் என்னிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். கேட்காத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது நான் அறியாமல் செய்த தப்பு இல்லை.

2. கூடவே வருகிற வீடு

லில்லிபாய் டீச்சர் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் வீடு. புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. புருஷனுடைய அண்ணனுக்குச் சொந்தமான நிலத்தின் ஓரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் டீச்சர் இருந்தார். ஒரு மழையில் பின்சுவர் விழுந்துவிட்டது. நிலம் தன் பேரில் இல்லாததால் அங்கே சுவர் எழுப்ப அவருக்கு மனமில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர் அங்கே நின்ற நாற்பதடி கன்டெய்னரைச் சுற்றி நடந்தார். குடை நுனியால் தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து நின்றார்.

"அவிய இண்ணைக்கு இருக்கச் சொல்லுதாவ. நாளைக்கு அவியளுக்க மக்கமாரு வந்து எறங்கச் சொன்னா எனக்க வீட்ட நான் கொண்டுபோவ முடியுமா மக்கா?"

"லாரில ஏத்தினா எங்க வேணும்னாலும் போவலாம் டீச்சர். ஒங்க வீடு ஒங்க கூடவே வருமாக்கும்" என்றேன்.

எல்லாக் கஸ்டமரிடமும் சொல்லும் வசனம்தான் அது. செங்கல் வீட்டுக்காரனால் சொல்ல முடியாத ஒன்று என்பதால் நன்றாக எடுபடும். ஆனால் அதுவரை நான் கொடுத்த ஒரு கன்டெய்னரையும் யாரும் இடம் மாற்றியதில்லை. போட்ட இடத்திலேயே வாழை வைத்து, கிணறு தோண்டி, கோழிக்கூடு கட்டி வேரூன்றிவிடுவார்கள். அதனால் அந்த வசனத்தை நானே நம்பியதில்லை. டீச்சர் நம்பினார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை, பெயிண்ட் நிறத்தைக்கூட நான்தான் முடிவு செய்தேன்.

ஒர்க்‌ஷாப்பிலேயே எல்லா வேலையும் முடித்துக் கொண்டுபோய், ஆறு கான்கிரீட் தூண்களின் மேல் உட்கார வைத்தோம். கிரேன் தூக்கியபோது டீச்சர் கைகூப்பி நின்றார். ஒரு கண்ணாடியில்கூட விரிசல் விழவில்லை.

3. வியாழக்கிழமை ஜெபம்

இரண்டு மாதம் கழித்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். முகம் சுணங்கியிருந்தது.

அவர்கள் சபையில் வியாழக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் உண்டு. முறை வரும்போது ஏரியாவில் உள்ள எல்லோரும் வருவார்கள். டீச்சரின் முறைக்கு இருபத்தைந்து பேர் வந்திருக்கிறார்கள். கன்டெய்னரின் அகலம் எட்டடி, உள்ளே போர்டு அடித்த பிறகு அதுவும் இல்லை. இரண்டு வரிசையாக எதிரும் புதிரும் உட்கார்ந்ததில் முட்டியோடு முட்டி இடித்திருக்கிறது. கடைசியில் இருந்தவர்களுக்கு உபதேசியார் பேசியது கேட்கவில்லை. முழங்காலிட்டபோது ஒருவர் தலை இன்னொருவர் தோளில் முட்டியது. போகும்போது யாரோ, ரயில் பெட்டியில் ஜெபித்தது போல இருந்தது என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வீடு என்றால் அதில் சபை வந்து உட்கார வேண்டும். அது முடியாவிட்டால் வீடு இருந்தும் குறைதான்.

முன்பக்கத்தைத் திறந்து, மடக்குக் கதவு போட்டு, வெளியே ஷீட் கூரை இறக்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். உள்ளே பாதிப் பேரும் வெளியே பாதிப் பேரும் உட்காரலாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேண்டும், கேரல் பாட வருகிறவர்கள் வந்து நிற்க இடம் வேண்டும். நல்ல யோசனைதான். அளந்து பார்த்தால் இருபதடி வெட்ட வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். கன்டெய்னரின் பக்கத் தகடு மடிப்பு மடிப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. நான்கு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது நடுப்பகுதி தொய்ந்து போகாமல் தாங்குவது அந்தத் தகடுதான். ஒரு ஜன்னல் அளவு எடுத்தால் பாதகமில்லை. இருபதடி எடுத்தால் அதற்கு ஈடாக மேலும் கீழும் கனமான இரும்பு பீமும், இரண்டு ஓரத்திலும் இரும்புத் தூணும் வைத்து வெல்டு செய்த பிறகுதான் தகட்டில் கை வைக்க வேண்டும். கான்கிரீட் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும்வரை வித்தியாசம் தெரியாது, நடுத்தூண்கள் தாங்கிக்கொள்ளும்.

என் வெல்டர் மணியன் கட்டரைப் பற்ற வைக்காமல் நின்றான். பதினெட்டு வருஷம் என்னோடு இருப்பவன், அதிகம் பேச மாட்டான்.

"அண்ணே, பீம் வச்சிட்டு வெட்டுவோம். இல்லேண்ணா பெறவு தூக்க ஒக்காது."

பீம் திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும். சொன்ன கடையில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, கையில் வேறு இரண்டு வேலையும் கிடந்தது.

"இனி யாருலே இத தூக்கப் போறா? நீ வெட்டு" என்றேன்.

இரண்டங்குலச் சதுரக் குழாயில் ஒரு சட்டம் அடித்து ஒப்பேற்றினோம். மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்ததும் பீமுக்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. கேரல்காரர்கள் அந்த வருஷம் டீச்சர் வீட்டில்தான் அதிக நேரம் பாடினார்களாம். டீச்சர் எனக்குக் கேக் கொடுத்து அனுப்பினார்.

4. ஒரு அடி உயரம்

நான்கு வருஷம் கழித்து அவர் பயந்தது நடந்தது. புருஷனுடைய அண்ணன் இறந்தார், அவருடைய பிள்ளைகள் நிலத்தை விற்றார்கள், வாங்கியவர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். டீச்சர் கலங்கவில்லை. கோட்டுகாலில் ஏற்கெனவே மூன்று சென்ட் வாங்கிப் போட்டிருந்தார். எனக்குப் போன் செய்து, வீட்டைக் கொண்டுபோக வேண்டும், நாள் சொல்லு என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போனை வைத்ததும் எனக்கு அந்தக் குழாய் ஞாபகம் வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பீம் வாங்கி, மூன்று நாள் வேலை செய்து, அதன் பிறகு தூக்கியிருக்கலாம், நாளும் இருந்தது. ஆனால் எதற்காக இப்போது பீம் என்று டீச்சர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதைவிட, தாங்கும் என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. கோட்டுகாலில் ஆறு தூண் வார்த்தேன். மணியனை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய என்னால் முடியாது.

கிரேன் அமரவிளை ஷிபுவுடையது. சொந்தக் கிரேன், முப்பது வயதுதான் இருக்கும், கவனமான பையன். அவனுக்கு வருகிற வேலையில் பாதி நான் கொடுப்பது. சங்கிலி மாட்டுவதற்கு முன்னால் மடக்குக் கதவைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து கேட்டான்.

"சேட்டா, இத்தற நீளம் வெட்டியிட்டுண்டு. உள்ளில பீம் உண்டல்லே?"

"உண்டு" என்றேன்.

டீச்சர் ரோட்டோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சபைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஜெபம் செய்தார். கிரேன் இழுத்தது. தூணிலிருந்து ஒரு அடி எழும்பியிருக்கும், உள்ளே போர்டுகள் வரிசையாக முறிகிற சத்தம் கேட்டது. முன்பக்கக் குழாய் முதலில் வளைந்தது. பிறகு கூரையின் ஓரச் சட்டம் மடங்கியது. ஷிபு உடனே இறக்கினான், ஆனாலும் நடுப்பகுதி தொட்டில் போலத் தொங்கிவிட்டது. மடக்குக் கதவுகள் பிய்ந்து விழுந்தன. சமையல் மேடை உடைந்து, தண்ணீர் பைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சங்கிலிய ஒழுங்கா மாட்டலியா ஷிபு? ஒரு பக்கமா இழுத்திட்டியே."

ஷிபு என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து சங்கிலியைக் கழற்றத் தொடங்கினான். பாதி வேலை கொடுக்கிறவனிடம் நாலு பேர் முன்னால் என்ன பேசுவது என்று நினைத்திருப்பான். சபைக்காரர்கள் அவனைத் திட்டத் தொடங்கினார்கள். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தார்.

"சாரமில்ல, போவட்டு மக்கா. நீ வேணும்னு செய்யல்ல."

நான் அவருக்கு ஐந்தடி தள்ளி நின்றேன். அந்தக் கை என் கன்னத்தில் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மடங்கிய கன்டெய்னரை நிமிர்த்த முடியாது. மாதக் கடைசிக்கு நான்கு நாள் முன்பு நானே கட்டரைப் பிடித்துத் துண்டு துண்டாக வெட்டி பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடைக்கு ஏற்றிவிட்டேன். டீச்சர் பாலராமபுரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துப் போனார்.

5. இரண்டு பேரிடம் போனது

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டு மாதம் இருந்தேன். ஷிபுவைப் பிறகு யாரும் கூப்பிடுவதில்லை, கிரேனை விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட பிறகு ஒரு நாள் காலையில் பாலராமபுரம் போனேன். கீழே தறி ஓடுகிற வீடு, அந்தச் சத்தம் மாடிவரைக்கும் வந்துகொண்டிருந்தது. டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணியன் சொன்னது, குழாய் வைத்தது, ஷிபு கேட்டது, நான் உண்டு என்றது.

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்தப் பிள்ளைய நான் மன்னிச்சேன் இல்லியா, ஒண்ணும் செய்யாதவன" என்றார். "என்னிட்ட சொல்லி காரியமில்ல. அவனிட்ட போய் சொல்லு. அவனுக்க நாட்டுல நாலு பேரிட்டயும் சொல்லு. பெறவு வா."

போனேன். ஷிபு இப்போது தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறான். வண்டியில் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லவில்லையே. கடைசியில், அதை அன்றைக்கே அவர்கள் முன்னால் சொல்லியிருந்தால் போதும், தன் கிரேன் இருந்திருக்கும் என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழாயைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சபைக்காரர்களிடமும் அமரவிளைக் கடைகளிலும் போய்ச் சொன்னேன். சிலர் திட்டினார்கள். பலருக்கு அது பழைய கதையாகிவிட்டது.

இப்போது என் யார்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எவ்வளவு வெட்டினாலும், வேலை முடிந்ததும் கஸ்டமரை நிறுத்தி, அவர் கண்முன்னால் கிரேனில் ஒரு ஆள் உயரம் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன். ஏற்கெனவே இறக்கிய வீட்டில் பிறகு வெட்டச் சொன்னால், பீம் வரும்வரை மணியன் கட்டரைத் தொட மாட்டான், நானும் தொடச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கஸ்டமரிடம் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும், அவர் அதை நம்பி ஒரு நாள் வந்து நிற்பார் என்று நினைத்துச் சொல்ல வேண்டும். நம்ப மாட்டார் என்று நினைத்துச் சொல்லக் கூடாது.

இரண்டாம் தடவை டீச்சரிடம் போனபோது, கோட்டுகாலில் அந்த ஆறு தூணின் மேல் புதிதாக ஒன்று வைத்துத் தருகிறேன், எல்லாம் என் பொறுப்பு என்றேன். அவர் சாயா போட்டுக் கொடுத்தார். கோபம் எதுவும் இல்லை. அந்த மூன்று சென்டை வாங்க ஆள் வந்திருக்கிறது, விற்கப்போகிறேன் என்றார். நான் பதறிப்போய்க் கெஞ்சினேன்.

"வேண்டாம் மக்கா. இந்த ரூமே போதும். எறங்கச் சொன்னா பைய எடுத்திட்டு எறங்கலாம். எனக்க வீடுண்ணு ஒண்ணு இருந்தா அத நெனச்சுப் பயப்படணும்."

வீடு வேண்டும் என்று என்னிடம் வந்த மனுஷி அவர். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு வீடே வேண்டாம் என்று தோன்ற வைத்தது என் வேலை. சாயாவைக் குடித்து முடித்துவிட்டுப் படி இறங்கினேன்.